பவர் பேங்கில் பாதி மிச்சமிருந்தும் கேமரா ஏன் அணைந்தது?

கேள்வி: சட்டைப்பையில் அடங்கும் சிறிய கேமரா ஒன்று வைத்திருக்கிறேன். சென்ற முறை ஆறு நாள் மலைநடைப் பயணத்துக்கு இரண்டு பேட்டரிகளும் 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்றும் கொண்டுபோனேன். நான்காம் நாள் இரவு கூடாரத்துக்குள் கேமராவைப் பவர் பேங்குடன் இணைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் பேட்டரியில் சார்ஜ் ஏறவே இல்லை. பவர் பேங்கின் நான்கு விளக்குகளில் இரண்டு எரிந்தன. அன்றுதான் கணவாயைக் கடக்கும் நாள். ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. அடுத்து எட்டு நாள் பயணம் போகிறேன். நாளொன்றுக்கு 120 படங்களும் பத்து நிமிட வீடியோவும் எடுப்பேன். இன்னும் பெரிய பவர் பேங்க் வாங்குவதா, சோலார் பேனல் வாங்குவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். பவர் பேங்கில் பாதி மிச்சமிருக்கும்போதே கேமரா அணைந்திருக்கிறது என்றால், உங்களிடம் மின்சாரம் குறையவில்லை, இருந்த மின்சாரம் பேட்டரிக்குள் போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள். அந்த வழி அடைபட்ட காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இரண்டு மடங்கு பெரிய பவர் பேங்கைச் சுமந்து சென்றால், அடுத்த முறை காலையில் இரண்டு விளக்குகளுக்குப் பதிலாக மூன்று எரியும்; கேமரா அப்படியேதான் இருக்கும்.

அன்றிரவு நடந்ததைப் பெரும்பாலும் ஊகிக்க முடிகிறது. லித்தியம் அயனி பேட்டரியை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே சார்ஜ் செய்தால், உள்ளே கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டிய லித்தியம், நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியத் தொடங்கும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி திரும்பப் பயன்படாது என்பதால், பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். இதைத் தவிர்ப்பதற்காகவே, குளிர் ஓர் அளவைத் தாண்டினால் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவைக்கும் பாதுகாப்பு பல கேமராக்களில் இருக்கிறது. கேமரா மின்சாரம் இழுப்பதை நிறுத்தியதும், தன்னுடன் எதுவும் இணைக்கப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு பவர் பேங்க் சற்று நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. அதன் பிறகு கூடாரம் சூடானாலும், ஒருவர் எழுந்து பொத்தானை அழுத்தும்வரை பல பவர் பேங்குகள் விழிப்பதில்லை. இரண்டு கருவிகளும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கின்றன. நடுவில் அகப்பட்டுக்கொண்டது நீங்கள்.

இதில் ஏமாற்றுவது கேமராவின் சிறிய சார்ஜ் விளக்கு. பல மாடல்களில் சார்ஜ் ஏறும்போது அது எரியும், நிறைந்ததும் அணையும், வெப்பநிலை ஒத்துவராவிட்டால் விட்டுவிட்டு மின்னும். ஆனால் பவர் பேங்க் மின்சாரத்தை நிறுத்திவிட்டாலும் அதே விளக்கு அணைந்துதான் இருக்கும். நள்ளிரவில் கண்விழித்துப் பார்க்கிறவர், விளக்கு அணைந்திருப்பதைக் கண்டு பேட்டரி நிறைந்துவிட்டதென்று நிம்மதியாகத் திரும்பிப் படுத்துக்கொள்வார். எனவே விளக்கை நம்பாமல், கேபிளைக் கழற்றியபின் கேமராவை இயக்கித் திரையில் பேட்டரி அளவைப் பார்த்துவிடுவதே சரி.

வேறு இரண்டு காரணங்களையும் விலக்கிவிட வேண்டும். கேமரா அணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே பேட்டரியில் சார்ஜ் ஏறும் மாடல்கள் நிறைய உண்டு. இயக்கத்தில் விட்டுவிட்டால் அவை வரும் மின்சாரத்தை அப்போதைய ஓட்டத்துக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளும், அல்லது வாங்கவே வாங்காது. மற்றொன்று கேபிள். இரண்டு முனையும் டைப்-சி ஆக உள்ள கேபிளில், மறுமுனையில் மின்சாரம் கேட்கும் கருவி இருக்கிறது என்பதை அந்தக் கருவிக்குள் இருக்கும் ஒரு சிறு மின்தடையைக் கொண்டுதான் பவர் பேங்க் அறிகிறது. அந்த மின்தடை இல்லாமல் தயாரிக்கப்பட்ட விலை குறைந்த சார்ஜர்களும் துணைக் கருவிகளும் அத்தகைய கேபிளில் உயிர்பெறுவதே இல்லை; பழைய பாணி அகன்ற யூ.எஸ்.பி. முனை கொண்ட கேபிளில் மாட்டினால் உடனே வேலை செய்யும். முதல் மூன்று இரவுகளில் எந்தக் கேபிளைப் பயன்படுத்தினீர்கள், நான்காம் இரவும் அதேதானா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

என் முதல் ஆலோசனை, தூங்கும்போது சார்ஜ் போடும் வழக்கத்தையே விட்டுவிடுங்கள் என்பதுதான். முகாமை அடைந்ததும், பகல் முழுவதும் உள்சட்டைப் பையில் இருந்து உடல்சூடு ஏறியிருக்கும் பேட்டரியைச் சார்ஜ் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை அருகிலேயே வைத்திருந்தால், இவ்வளவு சிறிய பேட்டரிக்கு அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் வேண்டியது ஏறிவிடும். உங்கள் பவர் பேங்கில் காதொலிக் கருவிகளுக்கான குறைமின்னோட்ட நிலை இருந்தால் (பெரும்பாலும் பொத்தானை இரண்டு முறை அழுத்துவது, அல்லது சில நொடிகள் அழுத்திப் பிடிப்பது) அதையும் இயக்கிவிடுங்கள்; சார்ஜின் கடைசிக் கட்டத்தில் மின்னோட்டம் குறையும்போது பவர் பேங்க் அணைந்துவிடாமல் அது காக்கும். படுக்கும் நேரத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு, பேட்டரிகளையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேகுக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் நிலையில் மட்டும் எதையும் போர்வைக்குள் பொதிந்து வைக்கக் கூடாது. கேமராவை உள்ளே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. குளிர்ந்த கேமராவை மூச்சும் வியர்வையும் நிறைந்த இடத்துக்குக் கொண்டுவந்தால் லென்சில் ஈரம் பூக்கும். பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கேமராவை இறுக மூடிய பையில் போட்டு ஸ்லீப்பிங் பேகுக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

பகலிலும் குளிர் ஒரு வேலை செய்யும். பேட்டரி குளிர்ந்தால் அதன் உள்தடை கூடி, கேமரா மின்சாரம் இழுக்கும் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரியும். கேமராவோ பேட்டரி தீர்ந்துவிட்டதாக முடிவுசெய்து அணைந்துவிடும். உண்மையில் மின்சாரம் உள்ளே இருக்கிறது. அந்தப் பேட்டரியை உடலோடு ஒட்டிய பையில் அரை மணி நேரம் வைத்திருந்து மறுபடி போட்டால், பல நேரங்களில் இன்னும் சில டஜன் படங்கள் கிடைக்கும். ஆகவே, தீர்ந்தது என்று கேமரா சொன்ன பேட்டரியைக் குளிர் நாட்களில் முதுகுப்பையின் அடியில் போட்டுவிடாதீர்கள்.

இனி கணக்குக்கு வருவோம். எம்.ஏ.எச். எண்ணைக் கொண்டு கணக்கிட்டால் தவறிவிடும்; பேட்டரியின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட்-மணி எண்ணைப் பாருங்கள் (உள்ளே உள்ள மொத்த ஆற்றலின் அளவு அது; வோல்ட்டை எம்.ஏ.எச்.சால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைக்கும்). இவ்வகைக் கேமராக்களில் 3.6 வோல்ட், 1,240 எம்.ஏ.எச். என்ற அளவிலான பேட்டரி பரவலாக உள்ளது. அது ஏறத்தாழ 4.5 வாட்-மணி. முழுச் சார்ஜில் 250 படங்கள் என்று கையேடு சொன்னால், அது பாதிப் படங்களை ஃபிளாஷ் போட்டு எடுத்துச் செய்யும் ஒரு பொதுத்தர அளவீடு. ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கும் நீங்கள் அதைத் தாண்டவும் கூடும், ஒவ்வொரு படத்தையும் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவராக இருந்தால் அதை எட்டாமலும் போகலாம். நாளுக்கு 120 படங்களுக்கு அரைப் பேட்டரி, பத்து நிமிட வீடியோவுக்குக் கால் பேட்டரி என்று வைத்துக்கொண்டால், எட்டு நாட்களுக்கு ஆறு முழுப் பேட்டரிகள், அதாவது 27 வாட்-மணி வேண்டும்.

உங்கள் பவர் பேங்கின் 10,000 எம்.ஏ.எச். என்பது அதன் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொல்லப்பட்ட கணக்கு. மொத்தம் 37 வாட்-மணி. அதை 5 வோல்ட்டுக்கு உயர்த்துவதில் ஒரு பங்கும், கேமரா அதை மறுபடி இறக்கிப் பேட்டரியில் ஏற்றுவதில் ஒரு பங்கும் வெப்பமாகப் போவதால், மூன்றில் இரண்டு பங்கு பேட்டரிக்குள் சேர்ந்தால் நல்லது என்றே கொள்ள வேண்டும்: சுமார் 24 வாட்-மணி, ஐந்து நிரப்பல்கள். இத்தகைய பவர் பேங்கின் எடை 200 கிராம் அளவில் இருக்கும். சிறிய கேமரா பேட்டரி ஒன்று ஏறத்தாழ 25 கிராம். அதே 200 கிராமுக்கு எட்டுப் பேட்டரிகள் வரும், அவற்றிலுள்ள 36 வாட்-மணியும் இடையில் சேதாரமின்றி நேராகக் கேமராவுக்குப் போகும். கேமராவை மட்டும் பார்த்தால் உபரிப் பேட்டரிகளே எல்லா வகையிலும் மேல். கேபிள், குளிரில் சார்ஜ் நின்றுபோவது, தானாக அணைதல் எதுவும் குறுக்கே வராது. கைப்பேசியும் தலைவிளக்கும் உடன் வருவதால்தான் பவர் பேங்க் தேவைப்படுகிறது.

ஆதலால் இன்னும் இரண்டு பேட்டரிகள் வாங்கி மொத்தம் நான்காக்கிக்கொண்டு, இப்போதுள்ள பவர் பேங்கையே எடுத்துச் செல்லுங்கள். நான்கும் சேர்ந்து 18 வாட்-மணி தரும். மீதி 9 வாட்-மணிக்கு இரண்டு நிரப்பல்கள் போதும். அதற்குப் பவர் பேங்கில் 14 வாட்-மணி செலவானாலும், பாதிக்கு மேல் கைப்பேசிக்கு மிஞ்சும். கேமரா நிறுவனமல்லாத பிறர் தயாரிக்கும் பேட்டரிகளை வாங்குவதில் தவறில்லை, ஆனால் அதே அளவுள்ள உறையில் அசலைவிட மிக அதிகமான எண் அச்சிட்டிருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். நிறைந்த பேட்டரியையும் தீர்ந்ததையும் பிரித்தறிய, நிறைந்ததன்மேல் ரப்பர் பேண்டு போட்டுவையுங்கள். கேமராவில் வைஃபை, புளூடூத், ஜி.பி.எஸ். மூன்றையும் அணைத்துவிடுங்கள், மற்றச் சிக்கனங்களெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சோலார் பேனலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 10 வாட் என்று விற்கப்படும் மடிப்புப் பேனல், வெயிலுக்கு நேராக, அசையாமல் வைக்கப்பட்டால் ஓரளவு தரும். நடப்பவரின் முதுகில் ஆடிக்கொண்டு, மரநிழலில் புகுந்து வெளிவரும்போது மிகச் சொற்பமே தரும், ஏனெனில் தொடராக இணைந்த செல்களில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலே முழு வரிசையின் மின்னோட்டமும் குறையும். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட, திறந்த வெளியில் பகலிலும் தங்கும் பயணங்களுக்கு அது பொருந்தும். அப்போதும் பேனலிலிருந்து பவர் பேங்குக்கும், மாலையில் பவர் பேங்கிலிருந்து கேமராவுக்கும் என்ற வரிசையே நல்லது.

விமானத்தில் போவதாக இருந்தால், உபரிப் பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், முனைகளை மூடியிருக்க வேண்டும். உங்களுடையவை 100 வாட்-மணி வரம்புக்குள் நன்றாகவே அடங்கும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, கொண்டுபோகப் போகிற அதே கேபிளையும் பவர் பேங்கையும் வைத்து, முற்றிலும் தீர்ந்த பேட்டரிகளை ஒவ்வொன்றாக நிரப்பிப் பாருங்கள். ஐந்துக்குப் பதிலாக மூன்று நிரப்பல்களிலேயே பவர் பேங்க் ஓய்ந்துவிட்டால், அது பழையதாகிவிட்டது. அப்போது புதிதாக வாங்குங்கள், இதே 10,000 அளவில்.