சைக்கிள் கேள்வி பதில்: சீட்டுக்கு மெத்தை முக்கியமா, அகலம் முக்கியமா?

கேள்வி: வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் தினமும் கியர் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். சைக்கிளோடு வந்த சீட் ஒல்லியாக, கடினமாக இருந்தது. ஜெல் கவர் வாங்கி மாட்டினேன். கொஞ்ச நாள் சுகமாக இருந்தது. இப்போது பாடி தாண்டுவதற்குள் முன்பக்கம் மரத்துப்போகிறது. பெரிய மெத்தை சீட் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
- வாசகி, சென்னை-49

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. முதலில் அந்த ஜெல் கவரைக் கழற்றுங்கள்.

வெறும் மரப்பலகையில் உட்கார்ந்தால் அடியில் இரண்டு எலும்பு உறுத்துமே, சைக்கிளில் நம் பாரத்தைத் தாங்க வேண்டியவை அவைதான். மெத்தை ரொம்பவும் மெதுவாக இருந்தால் அவை உள்ளே புதைந்துவிடும். நடுவிலுள்ள ஜெல் மேலே எழும்பி, எலும்பில்லாத மென்மையான இடத்தை அழுத்தும். அங்கே ஓடும் நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்குவதால்தான் மரத்துப்போகிறது. பெரிய மெத்தை சீட் போட்டாலும் இதே கதைதான். போதாததற்கு ஒவ்வொரு மிதிக்கும் தொடையின் உள்பக்கம் உரசும். சென்னை வியர்வையில் அது புண்ணாகிவிடும்.

நீங்கள் பார்க்க வேண்டியது அகலம். மிக்ஸி, ஃபேன் வரும் அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு வெட்டி வாசற்படியில் போடுங்கள். அதன்மேல் உட்கார்ந்து, குதிகாலைத் தூக்கி, சைக்கிளில் எவ்வளவு சாய்வீர்களோ அவ்வளவு முன்னால் சாயுங்கள். அரை நிமிடம் கழித்து எழுந்தால் அட்டையில் இரண்டு குழி இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள், குழி மட்டும் வெள்ளையாகாமல் நிற்கும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளந்தால் பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 15 செ.மீ.க்குள் வரும். பெண்களுக்குச் சராசரியாகச் சற்று அதிகம். ஆனால் ஆளின் பருமனைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது, அளந்தே ஆக வேண்டும். நிமிர்ந்து ஓட்டுகிறவர் அதோடு 3, 4 செ.மீ. கூட்டி அந்த அகலத்தில் சீட் கேட்கலாம். குனிந்து ஓட்டினால் 2 போதும். பெருவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, காசு செலவழிக்கும் முன் இருக்கிற சீட்டைச் சரியாக வைத்துப் பாருங்கள். என் கடைக்கு வலி என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் இதில்தான் கோளாறு. குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளும்போது கால் நேராக நிற்க வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் தானாகச் சற்று மடங்கி இருக்கும். உயரம் கூடினால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடி உரசும். குறைந்தால் பாரம் முழுவதும் சீட்டிலேயே விழும், முழங்காலும் வலிக்கும். சீட் பைப்பை உயர்த்தும்போது அதிலுள்ள கோடு வெளியே தெரியக்கூடாது.

அடுத்தது சாய்வு. சீட்டின்மேல் நீளவாக்கில் ஒரு பலகை வைத்து அதன்மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வையுங்கள். சீட்டின் மூக்கு, அதாவது முன்முனை, மேலே தூக்கியிருந்தால் மரத்துப்போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மட்டமாக்குங்கள். ரொம்பவும் கீழே இறக்கினால் முன்னால் சறுக்கி உள்ளங்கை வலிக்கும். சிக்னலில் நிற்கும்போது சீட்டைவிட்டு இறங்கி நின்றுகொள்ளுங்கள், ரத்தம் ஓடட்டும். வண்டியைவிட்டு இறங்கி வெகுநேரமாகியும் மரத்த இடம் பழைய நிலைக்கு வராவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய கறுப்பு சைக்கிளை ஓட்ட ஆசை. தோல் சீட் நடுவில் தொய்ந்து கிடக்கிறது. ரெக்சின் சீட் மாற்றிவிடவா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: தோல் வெடிக்காமல் இருந்தால் தயவுசெய்து மாற்றாதீர்கள். அந்த சீட்டுக்கு மெத்தையே கிடையாது. முன்னும் பின்னும் ரிவிட் அடித்து இழுத்துக் கட்டிய தோல், உட்காருகிறவரின் எலும்புக்குத் தக்கபடி இடம் கொடுக்கும். பர்மிங்காமில் 1866-இல் குதிரைச் சேணம் செய்து தொடங்கிய புரூக்ஸ் கம்பெனியின் பெயரில் இன்றைக்கும் இந்த வகை விற்பனையாகிறது.

சீட்டின் மூக்குக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள், நீளமான போல்ட்டும் நட்டும் தட்டுப்படும். ஸ்பேனரால் கால் சுற்று முடுக்கி, சில நாள் ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. ஒரே மூச்சில் முடுக்கினால் ரிவிட் இருக்கும் இடத்தில் தோல் கிழியும். பளபளப்புக்காக எண்ணெயை ஊற்றித் தேய்க்காதீர்கள், தோல் இளகி மறுபடியும் தொய்யும். மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்தி, நன்றாகக் காய்ந்த பிறகே உட்காருங்கள்.

சீட்டைப் பைப்போடு பிடித்திருக்கும் கிளாம்ப்பையும் கவனியுங்கள். அதில் பல் வைத்த வட்டுகள் இருக்கும். பல் தேய்ந்துபோனால் எவ்வளவு முடுக்கினாலும் பள்ளத்தில் இறங்கும்போது சீட் தலை தூக்கிவிடும். புது கிளாம்ப் போட்டுவிடுங்கள், பெரிய செலவில்லை. அது அப்பாவின் உடம்புக்குப் படிந்த தோல், உங்களுக்குப் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

கேள்வி: நடுவில் ஓட்டை உள்ள சீட் நல்லதா?
- வாசகர், ஈரோடு

பதில்: மரத்துப்போகிறவர்கள் பலருக்கு நல்லது. சிலருக்கு ஓட்டையின் விளிம்பே கடிக்கும். அதனால் கடையில் மாட்டச் சொல்லி, தெருவில் நாலு சுற்றாவது ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, பின்சக்கரத்துக்கு மட்கார்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைநாளில் சேற்றுத் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகத்தான் பேண்ட்டுக்கு வரும்.