சம்பளம் சர்க்காருடையது, நியமனம் மேனேஜருடையது – கடிதம்

மதிப்பிற்குரிய அய்யா,

இடைநிலைக் கல்விக்கு இந்தியாவில் அரசுகள் செலவழித்த பணம் 1950களிலிருந்து எப்படி ஏறி இறங்கியது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். நாட்டின் வருமானத்தில் கல்விக்கென்று கோத்தாரி கமிஷன் சொன்ன 6 சதவீதத்தை நாம் ஏன் இன்னும் எட்டவில்லை? கேரளம் முன்னேறியதற்கு அதிகம் செலவழித்ததுதானே காரணம்? தமிழ்நாடு இதில் எங்கே நிற்கிறது?

நான் கணிதத்தில் எம்.எஸ்சி., பி.எட். முடித்திருக்கிறேன். பக்கத்து எய்டட் பள்ளியில், அதாவது அரசு உதவி பெறும் தனியார் பள்ளியில், ஒரு வேகன்சி இருக்கிறது. டொனேஷன் கேட்கிறார்கள். எங்கள் விளையை, தோட்டத்தை, ஒற்றி வைக்கலாம் என்கிறார் அப்பா.

ஒரு வாசகி, பாறசாலை

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் கடைசியில் தகவலாகப் போட்டிருக்கிறீர்கள். நானும் சில வாரங்களாக அந்த டொனேஷனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சதவீதம். 6 சதவீதம் 1966 அறிக்கையில் இருக்கிறது, 1968 கொள்கையில் இருக்கிறது, 2020 கொள்கையிலும் இருக்கிறது. எந்த நிதியமைச்சரையும் அது கட்டுப்படுத்தாது, அதனால் எட்டவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் காவலும் கிடையாது. 2007இல் இடைநிலைக் கல்விக்கும் உயர்கல்விக்கும் என்று 1 சதவீதம் செஸ், வரிமேல் வரி, போட்டார்கள். பத்து வருடத்தில் 80,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலான பிறகும் அதற்கென்று ஒரு தனிநிதி இல்லை என்று தணிக்கைத் துறை எழுதியது. இதையும் வரைபடத்தில் ஒரு ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடா கேரளமா என்ற பந்தயத்துக்கு நான் வரவில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது வேறு. பள்ளிக்கல்விச் செலவு என்று நீங்கள் கோடு போடுவதில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம். அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆசிரியருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? ஆனால் அந்தச் சம்பளத்துக்கு உரிய ஆளைத் தேர்ந்தெடுப்பது யார் என்பது எந்த வரைபடத்திலும் வராது.

என் அப்பாவும் பெரியப்பாவும் 1940களில், திருவிதாங்கூர் காலத்தில், தனியார் பள்ளியில் வாத்தியார்களாகச் சேர்ந்தவர்கள். சம்பளப் பட்டியலில் முழுத்தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதியைக் கையில் கொடுப்பார்கள். பள்ளியை நடத்தும் மேனேஜர் வீட்டுக் கல்யாணம் என்றால் அந்தப் பாதியிலும் பிடித்தம். 1956 நவம்பரில் விளவங்கோடு தாலுகா மதராஸ் மாநிலத்துக்கு வந்தது. களியக்காவிளையில் இருந்த அப்பா இந்தப் பக்கம், பாறசாலையில் இருந்த பெரியப்பா அந்தப் பக்கம், கேரளத்தில், என்றாயிற்று. அடுத்த வருடம் கேரளத்தின் கம்யூனிஸ்ட் அரசில் கல்வி அமைச்சராக இருந்த முண்டசேரி கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். எய்டட் பள்ளி ஆசிரியருக்கு அரசே சம்பளம் கொடுக்கும் என்றது அது. "இனி அவரு முன்னால தோள்த்துண்ட எடுக்கண்டாம்" என்று மேனேஜரைப் பற்றிப் பெரியப்பா சொன்னதை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், கொஞ்சம் பொறாமையோடு.

அந்த மசோதாவில் 11ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சம்பளம் அரசு தருவதால், பி.எஸ்.சி., அதாவது அரசுப் பணியாளர் தேர்வாணையம், தயாரிக்கும் பட்டியலிலிருந்துதான் மேனேஜர் ஆசிரியரை எடுக்க வேண்டும் என்றது. இட ஒதுக்கீடும் உண்டு. உச்ச நீதிமன்றம் 1958இல் கருத்துச் சொன்னபோது இந்தப் பிரிவை அடித்துப்போடவில்லை. நிர்வாகத்தையே அரசு எடுத்துக்கொள்ளலாம் என்ற 14, 15ஆம் பிரிவுகள் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு ஆகாது என்றது. பிறகு அந்த அரசை எதிர்த்து நடந்த விமோசன சமரம் என்ற போராட்டம், 1959 ஜூலை 31இல் ஆட்சிக் கலைப்பு. அடுத்து வந்த அரசு 1960இல் 11ஆம் பிரிவைத் திருத்தி, நியமனத்தை மேனேஜர் கையில் திருப்பிக் கொடுத்தது. சம்பளத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. அது கஜானாவிலிருந்தே வரட்டும் என்று எல்லாருக்கும் சம்மதம்! ஊரார் வரி போட்டு வைக்கும் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார வாசல்காரருக்குப் பணம் கொடு என்கிற ஏற்பாடு இது.

இடம் கொடுத்தவர்கள், கட்டடம் எழுப்பியவர்கள் அவர்களல்லவா என்பார்கள். உண்மைதான். எல்.எம்.எஸ். என்ற லண்டன் மிஷன் வராமல் இருந்திருந்தால் இந்தப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் எழுத்து நுழைந்திருக்காது. சல்லிக்காசு வாங்காத மேனேஜர்களும் உண்டு. ஆனாலும் கேரளத்தில் பள்ளிகளில் பாதிக்கு மேல் எய்டட். அப்படியானால் அரசுச் செலவு கூடக்கூட ஒரு வேகன்சியின் விலையும் கூடுகிறது என்றுதான் அர்த்தம். சம்பளக் கமிஷன் வந்தால் அடுத்த மாதமே டொனேஷன் ஏறும். பென்ஷனையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் கேட்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் இதைக் கேள்விப்படாதவர் இல்லை.

பெரியப்பாவின் மகன், என் அண்ணன், அதே பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது ரப்பர் நின்ற விளையை விற்றுத்தான் பணம் கட்டினார்கள். துண்டை எடுக்க வேண்டாம் என்று சொன்ன மனிதர்தான் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது நீங்கள். கணிதம் படித்தவர், ஒரு கணக்கு போடுங்கள். பணம் கொடுத்துச் சேருகிறீர்கள். கல்வித்துறையின் அப்ரூவல் வரும்வரை சம்பளம் இல்லை, அது வருடக்கணக்கில் இழுக்கலாம். ஜூனில் ஆறாவது வேலைநாள் தலையெண்ணும்போது பிள்ளைகள் குறைந்தால் ஒரு டிவிஷன், வகுப்புப் பிரிவு, போகும், அதோடு வேலையும். அதற்குப் பயந்து மே மாத வெயிலில் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்க அலைவீர்கள். இது போதாதென்று விளைக்கு ஒற்றி வேறு. அரசு செலவழிப்பது போதவில்லை என்று வரைபடம் போடுகிற நீங்கள், அரசு கொடுக்கப்போகும் சம்பளத்தை முன்கூட்டியே கொண்டுபோய் ஒருவர் வீட்டில் வைக்கிறீர்கள். அப்புறம் அந்த 6 சதவீதம் யாருக்கு?

கோபமாக எழுதிவிட்டேன். உங்கள்மேல் கோபமில்லை, விளையை ஒற்றி வைக்கத் துணிந்த உங்கள் அப்பாமேலும் இல்லை. பெண்ணுக்கு நிரந்தர வேலை என்பது அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொடுக்காதீர்கள். கே-டெட், கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுதியாயிற்றா என்று நீங்கள் சொல்லவேயில்லை. பி.எஸ்.சி. ஹைஸ்கூல் டீச்சர் அறிவிப்பு எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள். அதுவரை டியூஷன் எடுங்கள், கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் கிடைக்காமல் போக மாட்டார்கள். வரைபடத்தை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.