அட்டையில் ஒரு வளவு வீடு: வாசகர் கேள்வி – பதில்

தேவகோட்டை வாசகர்: எங்கள் பூர்வீக வீடு செட்டிநாட்டு வளவு வீடு, அதாவது நடுவில் வளவு என்னும் முற்றம் உள்ளது. 40 அடி அகலம், 120 அடி நீளம். அட்டையில் செய்து வைக்க ஆசை. எந்த அளவில், எந்த அட்டையில் தொடங்கலாம்?

ஐம்பதில் ஒரு பங்காகச் செய்யுங்கள். ஓர் அடிக்கு 6.1 மி.மீ. கணக்கு. வீடு 73.2 செ.மீ. நீளமும் 24.4 செ.மீ. அகலமுமாக வரும். நூறில் ஒரு பங்கு மேசைக்கு அடக்கம்தான். ஆனால் 7 அடி நிலைக்கதவு 2 செ.மீ. ஆகிவிடும், நிலையின் வேலைப்பாட்டைக் காட்ட அதில் இடமிராது.

சுவருக்கு 2 மி.மீ. பைண்டிங் அட்டை. ஒற்றை அட்டையை நிறுத்திச் சுவர் என்று விட்டுவிடாதீர்கள். ஒன்றரை அடிச் சுவர் இந்த அளவில் 9 மி.மீ. கனம். இரண்டு அட்டைகளுக்கு நடுவே 5 மி.மீ. அகலப் பட்டைகளைக் குத்துவாக்கில் ஒட்டினால் கணக்குச் சரியாகும். நம் பக்கத்து ஜன்னலின் அழகே அதன் ஆழத்தில்தான் இருக்கிறது. ஜன்னல்களை முதலில் வெட்டிவிட்டு, அப்புறம் சுவரின் ஓரத்தை வெட்டுங்கள். ஓரம் முதலில் போய்விட்டால் அட்டையைப் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் கத்தி வழுக்கும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல், இரும்பு ஸ்கேல் வைத்து ஐந்தாறு முறை லேசாக இழுங்கள்.

பலர் தவறும் இடம் மூலை. வெளிப்பக்க முன், பின் அட்டைகள் முழு 244 மி.மீ. என்றால், பக்க அட்டைகள் அவற்றுக்கு நடுவே உட்கார வேண்டும். 732 மி.மீட்டரில் இரண்டு கனம், அதாவது 4 மி.மீ. கழித்து 728 ஆக வெட்டுங்கள். அவ்வளவு நீள அட்டை கிடைக்காவிட்டால், குறுக்குச் சுவர் வந்து சேரும் இடத்தில் ஒட்டுப் போடுங்கள்; ஒட்டு மறைந்துவிடும்.

முகப்பு வாசலில் நின்றால் வளவைத் தாண்டி, ரெண்டாங்கட்டை (வளவுக்குப் பின்னால் வரும் அடுத்த பகுதி) தாண்டி, பின்வாசல் வரை ஒரே கோடாகத் தெரிகிறதே, அதுதான் இந்த வீடுகளின் உயிர். அது தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. ப்ளைவுட் அடிப்பலகையில் முதலில் வாசற்கோட்டைப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு குறுக்குச் சுவரிலும் கதவின் நடுவைப் பென்சிலால் குறித்து, அந்தக் கோட்டின்மேல் நிறுத்துங்கள். சுவரின் ஒரு ஓரத்திலிருந்து அளந்தால் சிறு பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும். 1 மி.மீ. விலகல் வீட்டில் 5 செ.மீ. ஒட்டுவதற்கு முன் முகப்பில் டார்ச் அடித்துப் பாருங்கள், வெளிச்சம் பின்வாசலில் விழ வேண்டும்.

காரைக்குடி வாசகி: சுவருக்கு வெள்ளைத்தாள் ஒட்டினேன். காய்ந்ததும் அட்டை வில்லாக வளைந்துவிட்டது.

வெள்ளைப் பசையில் இருக்கும் தண்ணீர்தான் காரணம். நனைந்த தாள் விரிகிறது, காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. மறுபக்கத்திலும் அதே தாளை அதே பசையில் ஒட்டிவிட்டால் இரண்டு இழுப்பும் சமமாகும். தாளுக்கும் அட்டைக்கும் இழை (உள்ளே நார்கள் படுத்திருக்கும் வாக்கு) ஒரே திசையில் ஓட வேண்டும். எந்தப் பக்கமாக வளைத்தால் எளிதாக மடங்குகிறதோ, இழை அந்த மடிப்புக்கு இணையாக ஓடுகிறது. பசையைப் பழைய ஏ.டி.எம். அட்டையால் மெல்லிசாக வழித்து, கனமான புத்தகங்களின் கீழ் ஒரு ராத்திரி வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள்.

பள்ளத்தூர் வாசகர்: வளவுத் தூண்களுக்குத் தாளைச் சுருட்டினால் ஒன்று தடிமன், ஒன்று மெலிவு.

கணக்குப் போட்டுச் சுருட்டினால் எல்லாம் ஒன்றாக வரும். 10 அங்குலத் தூண் 5 மி.மீ., 10 அடி உயரம் 61 மி.மீ. சாதாரண 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் சுமார் 0.1 மி.மீ. கனம். 3 மி.மீ. மூங்கில் குச்சியில் பத்துச் சுற்று வந்தால் 5 மி.மீ. ஆகும், அதற்கு 13 செ.மீ. அகலத் தாள் போதும். ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். ஆகவே 29.7 செ.மீ. பக்கம் குச்சியோடு சேர வையுங்கள். ஒரே சுருளில் நான்கு தூண் கிடைக்கும். முதல் சுற்றுக்குப் பசை வேண்டாம், இல்லாவிட்டால் குச்சி வெளியே வராது. நன்றாகக் காய்ந்த பிறகு, கத்தியின் கீழே சுருளை உருட்டி உருட்டி வெட்டுங்கள். அழுத்தினால் நசுங்கி முட்டை வடிவாகிவிடும்.

கானாடுகாத்தான் வாசகர்: நாட்டு ஓட்டுக் கூரை எப்படி? வளவைச் சுற்றி நான்கு சரிவும் சேரும் மூலையில் புடைப்பு வருகிறது.

1.5 மி.மீ. நெளி அட்டையின் மேல்தாளை ஈரப் பஞ்சால் ஒற்றி, ஐந்து நிமிடம் கழித்து உரியுங்கள். உள்ளே இருக்கும் நெளிவுதான் ஓடு. நெளிவு மேலிருந்து கீழாக, மழைநீர் ஓடும் திசையில் இருக்கட்டும். பாரம் வைக்காமல் ஓரங்களில் குண்டூசி குத்திக் காயவிடுங்கள்.

புடைப்புக்குக் காரணம், 45 பாகையில் வெட்டுவது. மேலிருந்து பார்க்கும்போதுதான் அது 45. சரிந்த பலகையில் அல்ல. சரிவு 30 பாகை, கிடையாக 40 மி.மீ. என்றால் சரிவின் நீளம் 46 மி.மீ. ஆகவே வளவுப் பக்கம் சிறுத்து, மேல்பக்கம் இருபுறமும் 40 மி.மீ. மட்டும் அகலும்படி வெட்டுங்கள். 45 பாகையில் வெட்டினால் 46 மி.மீ. அகன்றுவிடும். அந்த 6 மி.மீ. மிச்சம்தான் மேலே ஏறி நிற்கிறது.

ஆத்தங்குடி வாசகி: தரைக்கல் படங்களை அச்சிட்டு ஒட்டினேன். நிறம் கலங்கிவிட்டது.

இங்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும். லேசர் அச்சு எடுத்து, பசைக்குச்சியால் ஒட்டுங்கள். 10 அங்குலக் கல் 5 மி.மீ. சதுரம். ஒவ்வொரு கல்லாக ஒட்டாமல் அறைத் தரை முழுவதையும் ஒரே தாளில் அச்சிட்டு, சுவர் நிறுத்துவதற்கு முன்பே பதித்துவிடுங்கள்.

புதுவயல் வாசகர்: ஐப்பசி மழைக்குப் பிறகு அட்டை வீடு தளர்ந்துவிடுகிறது.

கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வையுங்கள். அடிப்பலகையை அறைச் சுவரை ஒட்டியும் தரையிலும் வைக்காமல் மேசைமேல் வைத்தால் கரையானும் எளிதில் எட்டாது. மைதாப் பசையை எங்கும் பயன்படுத்தாதீர்கள், பூச்சிகளுக்கு அதுவே தீனி.