ஹாட் ராட்: கட்டுவதா, கட்டினதை வாங்குவதா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன், வயது 46. ஊரில் அப்பாவின் அம்பாசடரைப் பிரித்து மாட்டிய அனுபவம் கொஞ்சம் உண்டு. 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் (கூரையில்லாத கார்) ஹாட் ராட் ஒன்று, அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய பாணி வண்டி, வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. அரிசோனாவில் பீனிக்ஸில் ஒரு டீலரிடம் 38,000 டாலருக்கு ஒன்று இருக்கிறது, டைட்டில் என்கிற உரிமைப் பத்திரத்திலும் 1932 ஃபோர்டு என்றே போட்டிருக்கிறது. கிட் வாங்கி நாமே கட்டினால் பாதி விலையில் முடியும் என்கிறார் நண்பர். கையில் 40,000 இருக்கிறது, இரண்டு கார் கராஜ் இருக்கிறது, மகனுக்கு 14 வயது, அவனும் கூட நின்று செய்வான். வாங்குவதா, கட்டுவதா?

பதில்: வாங்குங்கள். பாதி விலையில் முடியும் என்ற நண்பர் இதுவரை ஒரு வண்டியாவது கட்டி ரோட்டில் இறக்கியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாகப் பேச்சு மாறிவிடும். ஆனால் அந்த பீனிக்ஸ் வண்டிக்கு இப்போதைக்கு ஒரு டாலர்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விலை என்னை உறுத்தவில்லை, டைட்டில்தான் உறுத்துகிறது.

காசுக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். கிட் விளம்பரத்தில் போடும் விலைக்கு ஃபைபர் பாடியும் சேஸிஸும் கொஞ்சம் சில்லறைச் சாமானும்தான் வரும். இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், வீல், டயர், ரேடியேட்டர், வயரிங், சீட், கண்ணாடி எல்லாம் தனி. பெயின்ட் வேலையைப் பத்தாயிரத்துக்குக் குறைந்து நல்ல ஆள் தொடமாட்டார். இரும்பு பாடிதான் வேண்டும் என்றால் ஒஹாயோவில் ப்ரூக்வில் என்ற கம்பெனி புதிதாகவே செய்கிறது, அருமையான வேலை, ஆனால் வெறும் பாடியே பத்தாயிரத்தைத் தாண்டும். 40,000-க்குள் முடிப்பேன் என்று ஆரம்பித்து 55,000, 60,000 என்று போய் நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அதே வண்டியை அவர்கள் விற்கப் போகும்போது 35,000-க்குக் கேட்கிறார்கள். கட்டினவரின் அந்த நஷ்டம்தான் உங்களுக்கு லாபம், அதை வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. நேரம் வேறு இருக்கிறது. சனி ஞாயிறு மட்டும் வேலை செய்தால் நாலு வருடம் சுலபமாக ஓடிவிடும், வண்டி ஸ்டார்ட் ஆகும்போது உங்கள் மகன் கல்லூரி ஹாஸ்டலில் இருப்பான்.

ஒன்று சொல்லியாக வேண்டும், யாரோ பாதி கட்டி விட்ட வண்டியை மட்டும் வாங்காதீர்கள். "முக்கால் வேலை முடிந்தது, மாட்டவேண்டியதுதான் பாக்கி" என்பார்கள். நான் அப்படி ஒன்று வாங்கினேன். சேஸிஸ் உருண்டு வந்தது, சாமான்கள் 11 அட்டைப்பெட்டியில் வந்தன, ஒவ்வொரு பெட்டியிலும் அழகாக மார்க்கரில் பெயர் எழுதியிருந்தது. திறந்து பார்த்தால் 'ஸ்டீயரிங்' என்ற பெட்டியில் இரண்டு வேறு வேறு வண்டியின் ஸ்பிண்டில், 'பிரேக்' பெட்டியில் பழைய துணி. அந்த முக்கால் வேலையைப் பிரித்துப் போடவே எனக்கு எட்டு மாதம் ஆனது.

சரி, டைட்டிலுக்கு வருகிறேன். நம்மூர் ஆர்சி புக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டு 1932-இல் சாதாரண ஆள் வாங்கும் விலையில் 65 குதிரைத்திறன் வி-8 இன்ஜினைப் போட்டுக் கொடுத்தது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்த வண்டிகள் பழசாகி அடிமாட்டு விலைக்கு வந்தபோது, போரிலிருந்து திரும்பிய பையன்கள் மட்கார்டைக் கழற்றி எறிந்து, கனத்தைக் குறைத்து, இன்ஜினை நோண்டி, கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். அப்படித்தான் 32-க்கு மவுசு வந்தது, 'டியூஸ்' என்ற செல்லப்பெயர் வருடத்தின் கடைசியில் இருக்கும் 2-இலிருந்து வந்தது. அசல் இரும்பு 32 இன்று அபூர்வம், 38,000-க்கு வராது. அன்றைக்கு ஃபோர்டு செய்ததைவிட இன்று ரெஜிஸ்டர் ஆகியிருக்கும் 32 அதிகம் என்று தொழிலில் ஒரு கிண்டலே உண்டு. ஆக பீனிக்ஸில் இருப்பது அநேகமாக ஃபைபர் பாடி, புது சேஸிஸ். அது தப்பே இல்லை, நல்ல வண்டியாகக்கூட இருக்கலாம். ஆனால் அது 1932 ஃபோர்டு கிடையாது, யாரோ ஒருவரின் கராஜில் 2004-லோ 2010-லோ பிறந்தது. பிறகு எப்படி டைட்டிலில் 1932 வந்தது?

இரண்டு வழிதான். சில மாநிலங்களில் கவுன்டரில் இருப்பவர் 'எந்த வருடம் மாதிரி இருக்கிறது' என்று கேட்டு அதையே எழுதிக் கொடுத்திருப்பார். இல்லாவிட்டால், எப்போதோ செத்துப்போன ஒரு ஃபோர்டின் காகிதத்தை வாங்கி, அதிலிருக்கும் நம்பரைப் புது சேஸிஸில் அடித்திருப்பார்கள். இரண்டாவது வழி குற்றம். தெரியாமல் வாங்கியவர் நீங்களாக இருந்தாலும் வண்டியைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். கான்சாஸில் ஒருவர் 1959 கார்வெட் ஒன்றை 50,000 டாலர் கொடுத்து வாங்கி ரெஜிஸ்டர் செய்யப் போனார். வண்டியைப் புதுப்பித்தபோது யாரோ நம்பர் தகட்டைக் கழற்றி மறுபடி மாட்டியிருந்தார்கள், அவ்வளவுதான், போலீஸ் பறிமுதல் செய்துவிட்டது. இவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எல்லோருமே ஒத்துக்கொண்டார்கள், இருந்தும் வருடக்கணக்கில் வழக்கு நடந்து, 2022-இல் அந்த மாநிலம் சட்டத்தையே திருத்திய பிறகுதான் அவருக்கு விடிவு வந்தது.

அதனால் பீனிக்ஸ்காரரிடம் பெயின்ட் பளபளக்கிற போட்டோ கேட்காதீர்கள். டைட்டிலின் இரண்டு பக்கமும், சேஸிஸில் அடித்த நம்பர் கிட்டத்தில், தள்ளி நின்று அதே இடம், அப்புறம் பாடி வாங்கிய பில், இந்த நாலும் கேளுங்கள். அசல் 32 வி-8 என்றால் நம்பர் 18 என்று ஆரம்பித்து டிரைவர் பக்க சேஸிஸ் ரெயிலின் மேல் பரப்பில் அடித்திருக்கும், வேறு இடங்களிலும் அதே நம்பர் பாடிக்கு அடியில் மறைந்திருக்கும். அதைத் தேய்த்து மறுபடி அடித்திருந்தால் விரல் வைத்தாலே அந்த இடம் மட்டும் லேசாகப் பள்ளமாகத் தெரியும். போட்டோ அனுப்ப மூன்று நாளுக்கு மேல் இழுத்தால் விட்டுவிடுங்கள்.

டீலர் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இவர்கள் டீலரே இல்லை, கமிஷன் கடை. வேறொருவர் வண்டியை ஷோரூமில் நிறுத்தி, நல்ல விளக்குப் போட்டு, போட்டோ எடுத்து விற்றுக் கொடுப்பவர்கள். ஏதாவது கேட்டால் "ஓனரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பார்கள், ஓனர் நம்பரை மட்டும் தரமாட்டார்கள். நீங்கள் கையெழுத்துப் போடும் காகிதத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி இருக்கும், மீதி இருபது வரியும் அந்த ஒரு வரிக்குக் காவல். அவர்களே ஒரு இன்ஸ்பெக்டரைச் சொல்வார்கள், அந்த ஆளை வைக்காதீர்கள், வாரத்துக்கு நாலு வண்டி அதே கடையிலிருந்து பார்க்கிறவர் எட்டு பக்கத்துக்கு டயர் பிராண்டையும் சீட் நிறத்தையும் எழுதித் தருவார், சேஸிஸ் நம்பர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். அப்படி ஒரு ரிப்போர்ட்டை நம்பி வண்டி எடுத்து, கதவு கீல் ஓரத்தில் ஃபைபர் சிலந்திவலை மாதிரி விரிந்து கிடப்பதை இங்கே வந்த பிறகு கண்டுபிடித்தவருக்கு நான்தான் சமாதானம் சொல்லவேண்டியிருந்தது. அடுத்து பேப்பர் தரகர்கள் வருவார்கள். மொன்டானாவில் எல்எல்சி என்று ஒரு பெயரளவுக் கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் வண்டியை வைத்துக்கொண்டால் வரியே இல்லை என்பார்கள். கலிஃபோர்னியாவில் குடியிருந்துகொண்டு கலிஃபோர்னியா ரோட்டில் ஓட்டினால் வரி இங்கேதான், கண்டுபிடித்தால் அபராதமும் சேர்த்து. வெர்மான்ட்டில் தபாலிலேயே பேப்பர் வாங்கித் தருகிறேன் என்று இன்னும் சிலர் திரிகிறார்கள், வெளிமாநிலத்தாருக்கு அந்த வழி 2023-இல் அடைபட்டுவிட்டது, தரகர்கள் ஃபீஸ் வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

வரியையும் சொல்லிவிடுகிறேன். வெளிமாநிலத்தில் வாங்கி இங்கே கொண்டுவந்தால் உங்கள் ஊர் விகிதப்படி சுமார் 10 சதவீதம் யூஸ் டாக்ஸ். 38,000-க்கு 3,800. லாரிக் கூலி தனி. 40,000 வைத்திருப்பவர் தேடவேண்டிய வண்டி 34,000 வண்டி.

இனி 'ஸ்பெஷலி கன்ஸ்ட்ரக்டட்' விஷயம், தொழிற்சாலையில் இல்லாமல் தனியாள் கட்டிய வண்டிக்கான பதிவு வகை அது, இதைப் பொறுமையாகப் படியுங்கள். 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குக் கலிஃபோர்னியாவில் புகைச் சோதனை கிடையாது. எல்லோரும் 1932 என்று எழுத ஆசைப்படுவதன் ரகசியம் அதுதான். ஆனால் வீட்டில் கட்டிய வண்டியை உண்மையைச் சொல்லி ரெஜிஸ்டர் செய்துகொண்டே அந்தச் சலுகையையும் வாங்க ஒரு வாசல் இருக்கிறது, எஸ்பி 100 என்ற 2001-ஆம் வருடச் சட்டம். வண்டிப் பதிவு அலுவலகமான டிஎம்வியில் விண்ணப்பித்து ஃபீஸ் கட்டினால் ஒரு வரிசை எண் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு ரெஃப்ரி என்கிற புகைச் சோதனை நடுவரிடம் போகவேண்டும். அவர் பாடி எந்த வருட வண்டியை ஒத்திருக்கிறது, இன்ஜின் எந்த வருடத்தை ஒத்திருக்கிறது என்று பார்ப்பார், இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்பது உங்கள் இஷ்டம். 32 பாடியைச் சொன்னால் புகைக் கருவி எதுவும் மாட்டவேண்டாம், சான்றிதழ் கொடுத்து வண்டியில் ஒரு லேபிளும் ஒட்டிவிடுவார். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் வருடத்துக்கு 500 எண்தான். கிட்டத்தட்ட நாலு கோடி பேர் இருக்கிற மாநிலத்துக்கு 500. ஜனவரி முதல் வேலைநாளில் கொடுக்க ஆரம்பிப்பார்கள், தீர்ந்தால் அடுத்த ஜனவரி. கவுன்டரில் இருப்பவருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாமல் உங்களையே திருப்பிக் கேட்பார், நான் ஒரு முறை சட்டத்தை அச்செடுத்துக்கொண்டு போய் மூன்றாவது கவுன்டரில்தான் ஜெயித்தேன். ஒழுங்காக உண்மையைச் சொல்பவனுக்கு 500 டோக்கன், பொய் சொல்பவனுக்கு வரிசையே கிடையாது. இப்படி வைத்துக்கொண்டு ஏன் எல்லாரும் 1932 என்று எழுதுகிறார்கள் என்று ஆச்சரியப்படுகிறார்கள்.

கட்டினாலும் அந்த வரிசைதான், பீனிக்ஸ் வண்டி ஃபைபர் என்று தெரிந்து அதை இங்கே கொண்டுவந்து நேர்மையாகப் பதிந்தாலும் அதே வரிசைதான். அதனால் நீங்கள் தேடவேண்டியது ஏற்கெனவே அந்த வரிசையில் நின்று முடித்த வண்டி. கலிஃபோர்னியா டைட்டில், தயாரிப்பாளர் இடத்தில் ஃபோர்டு என்று இல்லாமல் ஸ்பெஷலி கன்ஸ்ட்ரக்டட் என்பதன் சுருக்கம், கூடவே எஸ்பி 100 சான்றிதழும் அந்த லேபிளும். பார்க்கிற நண்பர்கள் "அசல் ஃபோர்டு இல்லையா" என்று முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அப்படி ஒன்று கிடைத்தால் ஒரு டார்ச்சும், துணியில் சுற்றிய ஃப்ரிட்ஜ் காந்தமும் எடுத்துக்கொண்டு போங்கள். இரும்பு பாடி என்று விற்றால் காந்தத்தைக் கதவின் அடி ஓரத்திலும் பின் சக்கர வளைவிலும் நகர்த்துங்கள், வழுக்கி விழும் இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். அடியில் படுத்து முன் கிராஸ்மெம்பர், அதாவது சேஸிஸின் குறுக்குச் சட்டம், அதன் வெல்டிங்கைப் பாருங்கள், ஒரே சீராக அடுக்கிய காசு மாதிரி இருக்கவேண்டும், புற்று மாதிரி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே வயரிங் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி தொங்கினால் விலையில் இரண்டாயிரம் குறையுங்கள். இன்ஜின் ஃப்ளாட்ஹெட், அதாவது ஃபோர்டின் அந்தப் பழைய வி-8 என்றால் இருபது நிமிடம் ஓடவிட்டு டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பிளாக்குக்கு உள்ளேயே போகிற டிசைன் அது, சூடாகும் குணம் பிறவியிலேயே உண்டு. முதல் வண்டிக்கு ஷெவர்லேயின் ஸ்மால் பிளாக் வி-8 இன்ஜின் போதும், பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும். கடைசியில் 50 மைல் வேகத்தில் காலி ரோட்டில் பிரேக் போடும்போது ஸ்டீயரிங்கை லேசாகத் தளர்த்திப் பிடியுங்கள், வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும்.

இன்ஷூரன்ஸை 'அக்ரீட் வேல்யூ' பாலிசியாகக் கேளுங்கள், முன்கூட்டியே ஒத்துக்கொண்ட தொகை அப்படியே வரும். 'ஸ்டேட்டட் வேல்யூ' என்று பெயர் ஒத்த இன்னொன்று உண்டு, அதில் சொன்ன தொகை கையில் வராது.

ப்ளெசன்டனில் அலமேடா கவுன்டி மைதானத்தில் குட்கைஸ் என்ற ஹாட் ராட் ஷோ நடக்கும், உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பனை அட்டை மாட்டிய வண்டிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு அதைக் கட்டின கிழவரே உட்கார்ந்திருப்பார், பில் எல்லாம் ஒரு ஃபைலில் வைத்திருப்பார், கேட்டால் போதும், ஒவ்வொரு போல்ட்டுக்கும் கதை சொல்வார். காந்தத்தை மட்டும் அவரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.