நின்ற ஒன்பது மரங்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் பேராவூரணி பக்கம். 2018 கஜா புயலில் எங்கள் தோப்பில் இருந்த 140 தென்னையில் ஒன்பதுதான் நின்றது. அப்பாவுக்கு அப்போது 66 வயது. மறுவருஷமே திரும்பவும் கன்று வைத்தார். போன மாசியில் தவறிவிட்டார். இந்த வைகாசியில் முதல் கன்று பாளை விட்டிருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அழுகையும் கோபமும்தான் வருகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "நம்பிக்கையோட இரும்மா" என்கிறார்கள். இல்லாத நம்பிக்கையை எங்கே போய்த் தேடுவது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஏற்கெனவே பாரம் சுமப்பவர் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுகிற சொல் அது. நான் அதைச் சொல்லப்போவதில்லை.

கஜா கரை கடந்தது நவம்பர் 16 அதிகாலை. பத்து நாள் கழித்து, நிவாரணப் பொருட்களோடு உங்கள் பக்கம் வந்த ஒரு வண்டியில் நானும் இருந்தேன். கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு தோப்பில் பெரியவர் ஒருவர் வரப்பில் உட்கார்ந்து விழுந்த மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. கன்றை ஏன் தென்னம்பிள்ளை என்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. இன்னும் பல வருஷம் காய்க்க வேண்டிய மரத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆனாலும் அகற்றாமல் இருக்க முடியாது. மட்கும் தென்னந்தடியில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பெருகி வந்து புதுக்கன்றின் குருத்தைக் குடையும். ஆகவே தான் வளர்த்த மரத்தைத் தானே நின்று துண்டு போட்டு ஏற்றிவிட்டால்தான் அடுத்த கன்றுக்குக் குழி எடுக்கலாம். உங்கள் அப்பாவும் அதைச் செய்துதான் வைத்திருப்பார். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை இடையில் உளுந்து, கடலை என்று எதையாவது போட்டு ஓட்ட வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். தோப்பு முழுக்கக் கன்று. எந்த நம்பிக்கையில் வைத்தீர்கள் என்று கேட்டேன். "நம்பிக்கையெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. வெறுந்தரையப் பாக்க முடியல" என்றார். புது ஓலை விரிந்த பிறகுதான் ராத்திரி தூக்கமே வந்ததாம். அவருக்கு நம்பிக்கை வேலைக்குப் பின்னால், ரொம்ப மெதுவாக வந்திருக்கிறது. அதனால்தான் இப்போது நம்பிக்கை இல்லையே என்று நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை.

காய்க்கும்போது தனக்கு எழுபது தாண்டிவிடும் என்ற கணக்கு உங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே வைத்திருக்கிறார். என்ன நினைத்து வைத்தார் என்பதைக் கூட இருந்த நீங்கள்தான் சொல்ல முடியும்.

இப்போது தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவது யார்? நீங்கள் என்றால், அழுதுகொண்டே பாய்ச்சுங்கள், தப்பில்லை. முதல் பாளைகளில் குரும்பை நிறைய உதிரும், அதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். அப்புறம், புயலில் நின்ற அந்த ஒன்பது மரங்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று எழுதவேயில்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.