கோமுகத்தின் கருமை

கேள்வி: சென்ற ஆண்டு கங்கோத்ரி யாத்திரையின்போது கோமுகம் வரை போயிருந்தோம். வெண்பனியை எண்ணிச் சென்ற எமக்குக் கருஞ்சாம்பல் நிறப் பனிச்சுவரே காணக் கிடைத்தது. இது மனிதர் செய்த மாசா? கொழும்பின் புகையும் அங்கே போய்ச் சேர்கின்றதா?
வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: நீங்கள் கண்ட கருமையிற் பெரும்பகுதி மனிதர் செய்ததன்று. கோமுகத்தில் முடிவுறும், ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளமான கங்கோத்ரிப் பனியாறு, இருபுறத்து மலைகளிலிருந்தும் விழும் கல்லையும் மண்ணையும் சுமந்துகொண்டே கீழிறங்குகின்றது. அக்கல்லும் மண்ணும் தடிப்பாகப் படிந்த இடங்களில், வெயில் பனிக்கட்டியை எட்டாதபடி போர்வைபோற் காக்கவும் செய்கின்றன.

மனிதரின் மாசு கண்ணுக்கு எளிதிற் புலப்படாதது. என்னைக் கவலைகொள்ளச் செய்வதும் அதுவே. கங்கைச் சமவெளியின் செங்கற் சூளைகள், விறகடுப்புகள், டீசல் வாகனங்கள், அறுவடைக்குப் பின் எரிக்கப்படும் வயல்கள் ஆகியவற்றிலிருந்து எழும் கரித்துகள்கள் காற்றோடு மேலேறி, உயரத்திலுள்ள தூய பனியிற் படிகின்றன. புதிதாய் விழுந்த பனி, தன்மேற் படும் ஒளியில் 80 வீதத்துக்கும் மேற்பட்டதைத் திருப்பி அனுப்பிவிடும். ஆடிவேல் இரதத்தின் பின்னே வெறுங்காலுடன் நடந்தவர்கள், தார் வீதியிற் சுட்ட பாதம் வெள்ளைக் கோட்டில் பட்டதும் சற்றே ஆறுவதை உணர்ந்திருப்பார்கள். பனிக்கு அதன் வெண்மை செய்யும் உதவியும் அத்தகையதே. நூறு கோடிப் பங்கு பனியிற் சில பத்துப் பங்கு கரி சேர்ந்தாலே அவ்வெண்மை குறையத் தொடங்குகின்றது. பனி உருகி ஓடும்போது கரியிற் பெரும்பகுதி மேற்பரப்பிலேயே தங்கித் திரள்வதால் உருகல் மேலும் விரைவடைய, அடியிலுள்ள மங்கலான பழைய பனிக்கட்டி வெயிலுக்கு முன்கூட்டியே வெளிப்பட்டுவிடுகின்றது.

கொழும்பின் கரி பெரும்பாலும் அவ்வளவு தொலைவு செல்வதில்லை. அது சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ மழையுடன் இறங்கிவிடும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கின் புகையே எம் பக்கம் வருகின்றது. தமிழ்நாட்டிற் பிறந்த அறிவியலாளர் வீ. இராமநாதன் முன்னின்று, 1999இல் மாலைதீவை மையமாகக் கொண்டு நடத்திய ஆய்வு, இந்து சமுத்திரத்தின் மேல் பரந்து கிடந்த பழுப்பு நிறப் புகைமண்டலத்தை அளந்து காட்டியது. கரியின் ஆயுள் குறுகியதென்பது நம்பிக்கை தருவதும்கூட: சூளைகளும் அடுப்புகளும் திருத்தப்பட்டாற் சில வாரங்களிற் காற்றுத் தெளியும்.

காபனீரொட்சைட்டின் கதை வேறு. காலி வீதியில் ஒரு பேருந்து வெளிவிடும் வாயு உலகெங்கும் கலந்து, அதில் ஒரு பங்கு பல நூற்றாண்டுகள் தங்கிவிடும். பனியாறுகள் சுருங்குவதற்கு முதற்காரணம் இத்தகைய வாயுக்களால் விளையும் வெப்பமே. அதனால், உயரத்தில் பனியாக விழ வேண்டியது மழையாகப் பெய்வதும் கூடுகின்றது. இவ்வகையில் கொழும்புக்கும் கோமுகத்துக்கும் தொடர்புண்டு. உலக வெப்ப உயர்வு 1.5 பாகை செல்சியசுக்குள் நிறுத்தப்பட்டாலும், இந்துகுஷ் இமயமலைப் பனியாறுகளில் மூன்றிலொரு பங்கு இந்நூற்றாண்டின் இறுதிக்குள் அழிந்துவிடும் என்பது, காத்மண்டுவிலுள்ள ஒருங்கிணைந்த மலை அபிவிருத்திக்கான சர்வதேச நிலையம் 2019இல் வெளியிட்ட மதிப்பீடு.