வாடிக்கையாளர் அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்கலாமா?

நீங்கள் ஐடி பார்த்துக்கொள்ளும் சிறு நிறுவனத்தின் முதலாளி அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறார், மறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறுக்கக் கூடாது. சர்வரும் டொமைனும் அவர் காசில் வாங்கியவை. நாம் சாவி வைத்திருக்கும் ஆள்தான். நாளை நாம் படுத்துவிட்டாலும் அவர் கடை ஓட வேண்டும்.

ஆனால் முதலில் எதற்கு என்று கேளுங்கள். ஒரு நூல் வியாபாரி இப்படித்தான் எனக்கு விடாமல் போன் செய்தார். நேரில் போய்ப் பார்த்தால், கணக்காளர் பிரிண்டர் டிரைவர் போடும்போதெல்லாம் விண்டோஸ் பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது. அவ்வளவுதான்! அந்த ஒரு கணினிக்கு மட்டும் லோக்கல் அட்மின் கணக்கு தந்தேன், தீர்ந்தது. இதற்கு விண்டோஸ் லாப்ஸ் நல்ல வசதி. ஒவ்வொரு கணினியின் லோக்கல் அட்மின் கணக்குக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வைத்து, அவ்வப்போது தானே மாற்றிவிடும். 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10, 11-க்குள்ளேயே வருகிறது.

முழு அதிகாரமே வேண்டும் என்கிறாரா? சரி, அவருடைய தினசரி மெயில் கணக்கில் அதை ஏற்றாதீர்கள். ஒரு போலி இன்வாய்ஸ் லிங்கை அழுத்தினால் மொத்தமும் போச்சு. தனிக் கணக்கு, இரட்டைச் சரிபார்ப்போடு. மைக்ரோசாஃப்ட் 365-இல் குளோபல் அட்மின்கள், அதாவது முழு அதிகாரம் உள்ளவர்கள், ஐந்துக்குக் குறைவாக இருக்கட்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. ஆனால் உங்கள் சொந்த அட்மின் கணக்கைப் பகிரவே பகிராதீர்கள். பகிர்ந்தால், எதை யார் அழித்தார் என்று லாகை (கணினி வைக்கும் செயல்பதிவு) பார்த்தாலும் தெரியாது.

அப்புறம், அந்தத் தனிக் கணக்கின் பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி அவர் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். கூடவே ஒரு மெயில்: ‘இந்தக் கணக்கில் செய்த மாற்றங்களைச் சரிசெய்யத் தனிக் கட்டணம்.’ என் அனுபவத்தில் அதைப் படித்த பலர் உறையைப் பிரித்ததே இல்லை.